காலி என்று நினைத்து அழித்த ஃபோல்டர்: விண்டோஸ் 10 அக்டோபர் 2018 அப்டேட் தந்த பாடமும் வீட்டு பேக்கப்பும்

2018 அக்டோபர் 2, செவ்வாய்க்கிழமை. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பை வெளியிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் விநியோகத்தை நிறுத்திவிட்டது. அப்டேட் முடிந்து கணினியைத் திறந்தவர்களில் சிலருக்கு டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த கோப்புகள் காணாமல் போயிருந்தன. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. திருத்திய பதிப்பு நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வந்தது.

பாதிப்பு குறைவு என்றது நிறுவனம். அக்டோபர் 9 அன்று மைக்ரோசாஃப்டின் ஜான் கேபிள் எழுதிய விளக்கத்தில், 1809-ஐ நிறுவியவர்களில் 0.01 சதவீதம் பேரிடமிருந்துதான் கோப்பு இழப்புப் புகார் வந்தது என்றார். பத்தாயிரத்துக்கு ஒருவர். அந்த நாட்களில் அப்டேட் எல்லோருக்கும் தானாகப் போகவில்லை. அமைப்புகளில் போய் ‘அப்டேட் இருக்கிறதா’ என்று தாமாகத் தேடியவர்களுக்குத்தான் கிடைத்தது. கணினியைப் புதுப்பித்து வைப்பதில் அக்கறை உள்ளவர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டார்கள்.

வைரஸ் இல்லை, ஹார்ட் டிஸ்க் பழுது இல்லை, பயனரும் எதையும் அழிக்கவில்லை. அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘என் கோப்பு இங்கேதான் இருக்கிறது’ என்று பயனர் நினைத்த இடமும், விண்டோஸ் நினைத்த இடமும், கோப்பு உண்மையில் கிடந்த இடமும் வேறுவேறாக இருந்தன. வீட்டுக் கணினியில் பேக்கப் தவறுவதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான்.

டாக்குமெண்ட்ஸ் என்பது ஒரு முகவரி

எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கம் தெரியும் டாக்குமெண்ட்ஸ் வெறும் பெயர். அது எந்த ஃபோல்டரைச் சுட்டுகிறது என்பது தனிக் குறிப்பாக விண்டோஸில் பதிவாகியிருக்கும். வழக்கமாக அது சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள், உங்கள் பெயருக்குக் கீழே இருக்கும். டெஸ்க்டாப், பிக்சர்ஸ், வீடியோஸ், ஸ்கிரீன்ஷாட்ஸ், கேமரா ரோல் எல்லாம் இதே கதைதான். இந்தச் சுட்டலை வேறு இடத்துக்குத் திருப்பலாம். மைக்ரோசாஃப்ட் இதை ‘நோன் ஃபோல்டர் ரீடைரக்‌ஷன்’ என்கிறது.

நம் ஊர் வீடுகளில் இது ரொம்பப் பழக்கமான வேலை. அசெம்பிள் செய்து தரும் கணினியில் ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து, ‘விண்டோஸ் போனாலும் டி டிரைவ் போகாது’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். டாக்குமெண்ட்ஸ் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன் தாவல். அங்கே டி டிரைவில் ஒரு ஃபோல்டரைக் காட்டி அப்ளை அழுத்துவோம். உடனே ஒரு சிறு பெட்டி வரும்: பழைய இடத்தில் உள்ள எல்லாக் கோப்புகளையும் புதிய இடத்துக்கு நகர்த்தவா? யெஸ், நோ, கேன்சல்.

நோ அழுத்தினால் சுட்டல் மட்டும் மாறும், கோப்புகள் பழைய இடத்திலேயே இருக்கும். யெஸ் அழுத்தினாலும், நடுவில் ஏதாவது கோப்பு திறந்திருந்து அதற்கு ‘ஸ்கிப்’ கொடுத்துவிட்டால் அது பின்தங்கிவிடும். வீடு மாறித் தபால்காரருக்குப் புது முகவரியும் கொடுத்துவிட்டு, பரணில் ஏற்றி வைத்த பெட்டிகளைப் பழைய வீட்டிலேயே விட்டுவந்த மாதிரி.

(லொகேஷன் தாவலில் இன்னொரு குழியும் உண்டு. டி டிரைவில் ஒரு ஃபோல்டர் உண்டாக்காமல், டி டிரைவையே காட்டிவிட்டால் முழு டிரைவும் ‘டாக்குமெண்ட்ஸ்’ ஆகிவிடும். திருப்புவது பெரிய தலைவலி. முதலில் ஃபோல்டரை உண்டாக்குங்கள், பிறகு அதைக் காட்டுங்கள்.)

தவறு நடந்த இடம்

1809-க்கு முந்தைய 1803 பதிப்பில், சுட்டலைத் திருப்பி வைத்திருந்தவர்களுக்கு அதே பெயரில் இன்னொரு காலி ஃபோல்டர் முளைத்தது. ‘தேவையில்லாமல் இரட்டை ஃபோல்டர் வருகிறது’ என்று புகார் போனது. அந்தக் காலி ஃபோல்டரை அகற்ற 1809-இல் ஒரு நிரல் துண்டைச் சேர்த்தார்கள். அதோடு அப்டேட் நடக்கும் வரிசையில் செய்த இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொள்ள, பழைய இடத்து ஃபோல்டர் உள்ளிருந்ததோடு சேர்த்து அழிந்தது. சுட்டல் காட்டிய புதிய இடம் மட்டும் தப்பியது.

மாட்டியவர்கள் மூன்று வகை. முதலாவது, மேலே சொன்னபடி கையால் இடம் மாற்றி, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டுவைத்தவர்கள். இரண்டாவது, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் வழியாகச் சுட்டலைத் திருப்பி, இருந்த கோப்புகளை நகர்த்தாமல் விட்டவர்கள். மூன்றாவது வகைதான் அதிகம் வருத்தம் தருவது: ஒன்டிரைவின் பழைய பதிப்பில் ‘டாக்குமெண்ட்ஸை ஒன்டிரைவில் தானாகச் சேமி’ என்ற வசதியை இயக்கியவர்கள். அந்தப் பதிப்பு சுட்டலைத் திருப்பியது, பழைய கோப்புகளை நகர்த்தவில்லை. பாதுகாப்புக்காக ஒரு வசதியை இயக்கியவருக்குத் தன் கோப்புகள் இரண்டு இடத்தில் பிரிந்து கிடப்பதே தெரிந்திருக்காது.

சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்களில் சிலர் வெளியீட்டுக்கு மாதங்களுக்கு முன்பே இந்த இழப்பை மைக்ரோசாஃப்டின் புகார்ப் பெட்டியான ஃபீட்பேக் ஹப்பில் எழுதியிருந்தார்கள். அதிகம் பேர் ஆதரித்த புகார்களே மேலே தெரியும் அமைப்பு அது. இவை அடியில் தங்கிவிட்டன. அதன் பிறகே, புகார் எழுதுபவர் பாதிப்பின் தீவிரத்தையும் குறிக்கும் வசதி அங்கே வந்தது.

‘என்னிடம் பேக்கப் இருக்கிறதே’

இதைப் படிக்கும் பலரிடமும் ஏதோ ஒரு பேக்கப் இருக்கும். அது இந்த நிகழ்வில் உதவியிருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டி டிரைவ் நகல்: ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான் சி-யும் டி-யும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது டி தப்பும், உண்மை. டிஸ்க் போனால், லேப்டாப் திருடு போனால், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதோடு டி டிரைவில் இருப்பது பல வீடுகளில் நகலே கிடையாது. இருக்கும் ஒரே பிரதியை இடம் மாற்றி வைத்திருப்பதுதான்.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ்: இவை ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இரண்டிலும் குப்பைத்தொட்டியில் பொதுவாக 30 நாள் இருக்கும், அதன் பிறகு இல்லை. இலவச இடம் ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகுளில் ஜிமெயிலையும் போட்டோஸையும் சேர்த்து 15 ஜிபி. நிரம்பிய அன்றோடு புதிய கோப்புகள் மேலே போவது நின்றுவிடும். அதைச் சொல்லும் அறிவிப்பைப் பலரும் பார்க்காமல் தள்ளிவிடுகிறார்கள்.

ஃபைல் ஹிஸ்டரி: விண்டோஸிலேயே உள்ள பேக்கப் வசதி, நல்லது. மணிக்கு ஒருமுறை மாறிய கோப்புகளை வெளி டிஸ்க்கில் பதிப்புப் பதிப்பாகச் சேர்க்கும். ஆனால் அது பின்தொடர்வது தன் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை மட்டும். சுட்டல் மாறியபின் பின்தங்கிய பழைய ஃபோல்டர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காத வரை, இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

‘முந்தைய பதிப்புக்குத் திரும்பு’: அப்டேட்டுக்குப் பின் 10 நாள் வரை கிடைக்கும் இந்த வசதி விண்டோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கானது. அழிந்த சொந்தக் கோப்புகளைக் கொண்டுவரும் வேலையை அது ஏற்கவில்லை.

இழப்பைக் கண்ட முதல் ஒரு மணி நேரம்

அந்தச் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் சொன்ன முதல் அறிவுரை: பாதிக்கப்பட்ட கணினியைப் பயன்படுத்துவதைக் குறையுங்கள். இது எந்தக் கோப்பு இழப்புக்கும் பொருந்தும். காரணம் தெரிந்தால்தான் கை நிற்கும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் தரவு அங்கேயே இருக்கும். ‘இந்த இடம் காலி’ என்ற குறிப்பு மட்டும் மாறும். வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரை மீட்கலாம். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் விண்டோஸ் சும்மா இருப்பதில்லை: தேடல் அட்டவணை, பேஜ் ஃபைல், அப்டேட் தற்காலிகக் கோப்புகள், பிரவுசர் கேஷ் என்று எழுதிக்கொண்டே இருக்கும். மீட்பு மென்பொருளைத் தேடி அதே சி டிரைவில் இறக்கி நிறுவுவது, மீட்க வேண்டியதன் மேலேயே எழுதுவதாகும்.

சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்றால் நிலைமை வேறு. கோப்பு அழிந்ததும் விண்டோஸ் ‘டிரிம்’ கட்டளையை அனுப்பும். டிஸ்க் அந்த இடத்தைத் தானே துடைத்துவிடும். பெரும்பாலும் மீட்க எதுவும் மிஞ்சாது. இன்றைய லேப்டாப்களில் இருப்பது எஸ்எஸ்டி என்பதால், மீட்பு மென்பொருளை நம்பி பேக்கப்பைத் தள்ளிப்போடும் காலம் முடிந்துவிட்டது.

ஹார்ட் டிஸ்க் என்றால்: கணினியை அணையுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா–யூஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கணினியில் இணையுங்கள். அங்கே மீட்பு மென்பொருளை இயக்கி, மீட்டதை மூன்றாவது இடத்தில் சேமியுங்கள். ரெக்குவா எளிது. டிஎம்டிஇ ஃபோல்டர் அமைப்போடு காட்டும். இலவசப் பதிப்பு ஒரு தடவைக்கு ஒரு ஃபோல்டரிலிருந்து 4000 கோப்பு வரை எடுத்துத் தரும், வீட்டுக்கு அது போதும். கோப்புப் பட்டியலே சிதைந்திருந்தால் ஃபோட்டோரெக். அது கோப்பின் உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் காண்பதால் பெயரும் ஃபோல்டரும் வராது; ஆயிரக்கணக்கான படங்கள் எண்களோடு வந்து குவியும். டிஸ்க்கில் டக்டக் என்று சத்தம் வந்தால் இவை எதையும் செய்யாமல் மின்சாரத்தைத் துண்டித்து, மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது: கோப்பு உண்மையிலேயே போய்விட்டதா, இடம்தான் மாறியதா? ‘எவ்ரிதிங்’ என்ற சிறு தேடல் மென்பொருள் டிஸ்க்கின் பெயர்ப் பட்டியலை நேரடியாகப் படித்து, தட்டத் தட்டவே காட்டும். தொலைந்த ஒரு கோப்பின் பெயரில் நான்கு எழுத்து தட்டினால் போதும். இதன் நிறுவத் தேவையில்லாத பதிப்பை முன்கூட்டியே ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருங்கள். இழப்பு நடந்த அன்று சி டிரைவில் எதையும் இறக்கக் கூடாது அல்லவா.

இடம் மாறுவது இப்போதும் தினமும் நடக்கிறது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவும்போது, டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் பல கணினிகளில் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடுகின்றன. பின்னொரு நாள் அந்த வசதியை நிறுத்தினால் டெஸ்க்டாப் காலியாகத் தெரியலாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே இருக்கும். இது தெரியாமல், ‘கிளவுட் நிரம்பிவிட்டது’ என்று இணையத்தில் போய் அழிப்பவர்கள் தங்கள் ஒரே பிரதியை அழிக்கிறார்கள்.

வீட்டுக்குப் போதுமான ஏற்பாடு

தேவையானவை: இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், இரண்டு ஃபோல்டர்களை ஒப்பிட்டு நகலெடுக்கும் ‘ஃப்ரீஃபைல்சிங்க்’ மென்பொருள், மாதத்தில் ஒரு மாலை.

டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும். புது டிஸ்க்கோ பென் டிரைவோ, சொன்ன கொள்ளளவு உண்மையா என்று ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’ கொண்டு எழுதிப் படித்துப் பாருங்கள். போலி பென் டிரைவ் நிரம்பியபிறகும் ஏற்றுக்கொள்வதுபோல் காட்டி, பிறகு உடைந்த கோப்புகளைத் தரும்.

எதை நகலெடுப்பது? டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் என்று பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள முழு ஃபோல்டரையும் எடுங்கள். 2018-இல் அழிந்த பழைய இடங்கள் அதற்குள்தான் இருந்தன. அதோடு டி டிரைவில் உள்ள உங்கள் ஃபோல்டர்கள். ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் பிரவுசர் புக்மார்க்குகள், தண்டர்பேர்ட் அஞ்சல்கள் இருக்கும். அதன் உள்ளே உள்ள டெம்ப் ஃபோல்டரை மட்டும் விலக்கலாம். ஒன்டிரைவில் நீல மேகக் குறியோடு தெரிவது கணினியில் இல்லை. வலது கிளிக் செய்து ‘எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு’ என்று கொடுத்து இறக்கிய பிறகே நகலெடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். விண்டோஸை மறுபடி நிறுவினால் எழுத்துருவும் போய்விடும். சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸிலிருந்து அந்த எழுத்துருக் கோப்புகளையும் எடுத்து, ஆவணங்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். யுனிகோடில் பெயர் வைத்தவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: லினக்ஸில் இயங்கும் நாஸ் பெட்டிகளில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகள்) கோப்புப் பெயரின் எல்லை பொதுவாக 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். ‘கோப்பு’ என்ற சொல்லில் க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகாரக் குறி என ஆறு குறிகள், 18 பைட். ஆகப் பெயருக்கு 85 குறிதான். விண்டோஸில் சிக்கலில்லாமல் இருந்த நீளமான தமிழ்ப் பெயர் நாஸுக்குப் போகும்போது பிழை காட்டுவது இதனால்தான். பெயரைச் சுருக்குங்கள்.

ஃப்ரீஃபைல்சிங்க்கில் இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் வெளி டிஸ்க். முறைகளில் ‘மிரர்’ வலப்பக்கத்தை அச்சுப்பிசகாமல் இடப்பக்கம் போல் ஆக்கும். இடப்பக்கம் இல்லாததை வலப்பக்கம் அழிக்கும். 1809 மாதிரி ஒன்று நடந்து, அதைக் கவனிக்காமல் மிரர் ஓட்டினால் பேக்கப்பும் சேர்ந்து காலி. ‘அப்டேட்’ முறை புதியதையும் மாறியதையும் மட்டும் சேர்க்கும், எதையும் அழிக்காது. வீட்டுக்கு இதுதான் சரி. அழிக்கும், மாற்றி எழுதும் கோப்புகளுக்கு ‘வெர்ஷனிங்’ தேர்வைக் கொடுத்து ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், பழைய பதிப்பு தேதியோடு அங்கே போய்ச் சேரும். ரான்சம்வேர் கோப்புகளைக் கெடுத்த பின் தெரியாமல் பேக்கப் ஓட்டினாலும் நல்ல பதிப்பு அங்கே இருக்கும். ஓட்டும் முன் ‘கம்பேர்’ அழுத்தி எத்தனை கோப்பு மாறுகிறது என்று பாருங்கள். மாதம் நூறு படம் எடுக்கும் வீட்டில் இருபதாயிரம் கோப்பு மாறியதாகக் காட்டினால் அன்று ஓட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

நேரம் எவ்வளவு? யூஎஸ்பி 3.0 துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி அளவில் எழுதினால், 200 ஜிபிக்கு முதல் தடவை 35 நிமிடம். பழைய யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் இரண்டு மணி நேரம் நெருங்கும். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். அடுத்த மாதத்திலிருந்து மாறியது மட்டும் என்பதால் சில நிமிடங்கள்தான்.

முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருக்கும் டிஸ்க் ரான்சம்வேருக்கு இன்னொரு டிரைவ், மின்சார ஏற்ற இறக்கத்துக்கு இன்னொரு பலி. இரண்டு டிஸ்க்கையும் மாதம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்; ஒன்று அக்கா வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கட்டும். கடைசியாக ஓட்டிய தேதியை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி டிஸ்க் மேலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ மென்பொருளைப் பாருங்கள்: கெட்டுப்போன பகுதிகளைக் குறிக்கும் 05, சி5, சி6 வரிகளின் மூல மதிப்பு (ரா வேல்யூ) பூஜ்ஜியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் டிஸ்க் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நகல் எடுத்தது சரியா என்பது திருப்பி எடுத்தால்தான் தெரியும். பழையது ஒன்று, புதியது ஒன்று, பெரிய வீடியோ ஒன்று என மூன்று கோப்புகளை வேறு கணினியில் திறந்து பாருங்கள். படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கேபிளையோ டிஸ்க்கையோ சந்தேகிக்கலாம். இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் கோப்பு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பேக்கப்பில் கூடுதலாக இருப்பது அப்டேட் முறையில் இயல்பு. குறைவாக இருந்தால் ஃப்ரீஃபைல்சிங்க்கின் பதிவைத் (லாக்) திறந்து எது விடுபட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் திறந்து கிடந்த அவுட்லுக் அஞ்சல் கோப்பாக இருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பெரிய அப்டேட் நாளன்று

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், இருக்கிற கணினியிலேயே 11-க்கு ஏற்றுபவர்கள் நிறைய. 2018-இல் போல, ஓடும் கணினியின் மேலேயே முழு விண்டோஸையும் மாற்றும் வேலை இது.

முதல் நாள் இரவு டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றின் லொகேஷன் தாவலையும் திறந்து முகவரியை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு எக்ஸ்ப்ளோரரில் யூசர்ஸ் வழியாகப் போய், அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கிறதா, அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ளதைப் புது இடத்தில் ‘பழைய டாக்குமெண்ட்ஸ்’ என்று தனி ஃபோல்டர் போட்டு நகர்த்துங்கள். ஒன்றோடொன்று கலக்க வேண்டாம், ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகளில் ஒன்று அழிந்துவிடலாம். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இணையத்தில் திறந்து பார்த்து, அதையும் அதே தாளில் எழுதுங்கள். முழு டிஸ்க்கின் பிம்பம் (விண்டோஸ் உட்பட எல்லாமும் அடங்கிய அச்சு நகல்) வேண்டுமென்றால் ‘ரெஸ்க்யூஜில்லா’ என்ற மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஏற்றி எடுக்கலாம், முன்பு பலரும் நம்பியிருந்த மேக்ரியம் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு நின்றுவிட்டது.

கடைசியாக ஃப்ரீஃபைல்சிங்க்கை ஓட்டி, எண்ணிக்கையைப் பார்த்து, டிஸ்க்கைக் கழற்றி, அலமாரியில் வைத்த பிறகு அப்டேட் பொத்தானை அழுத்துங்கள்.